அப்டேட்டுக்குப் பிறகு லெப்டொப் நாம் கதைப்பதை எழுதவில்லையா? குரல் தட்டச்சைத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

விண்டோஸின் மாதாந்த அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளிவரும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அதனால்தான் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இந்தக் கோளாறு புதன், வியாழன் காலைகளில் அதிகம் தலைகாட்டுகிறது. முதல்நாள் வரை பாடக்குறிப்பையும் பிரதேச செயலகத்துக்கான கடிதத்தையும் வாயால் சொல்லச் சொல்ல எழுதிய லெப்டொப், அன்று விண்டோஸ் கீயையும் எச் கீயையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

அந்த நேரத்தில் பலரும் அப்டேட்டைக் கழற்றப் பார்ப்பார்கள், அல்லது கடைக்குக் கொண்டுபோய் போர்மட் அடிப்பார்கள். இரண்டுமே கடைசியில் யோசிக்க வேண்டியவை. அப்டேட் மைக்கைக் கொல்வது அரிது. அது வழக்கமாகச் செய்வது சின்ன வேலைகள்: ஒரு அனுமதியை அணைக்கும், வேறொரு மைக்கை முதன்மையாக்கும், சவுண்ட் டிரைவரை (மைக்கையும் ஸ்பீக்கரையும் விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளை) மாற்றும், மொழி வரிசையைக் குலைக்கும். நம் குரல் மைக், டிரைவர், அனுமதி, மொழி, இன்டர்நெட், புரோகிராம் என்று ஆறு படலைகளைத் தாண்டித்தான் எழுத்தாகிறது. எந்தப் படலை பூட்டிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும், வேலை பாதி முடிந்துவிடும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 11ஐ வைத்து எழுதப்பட்டவை. மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் இருக்கிறபடியே தந்திருக்கிறோம்.

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் அல்ல

‘நான் நாலு தரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்துட்டன்’ என்பார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும் லெப்டொப்பில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் சேமிக்கப்படும். மறுநாள் ஓன் செய்யும்போது அந்தப் பழைய நிலைதான் திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். பாதியில் நின்ற அப்டேட்டும் ரீஸ்டார்ட்டில்தான் முடியும். ஸ்டார்ட் மெனுவின் பவர் குறிக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் புள்ளி தெரிந்தால், அப்டேட் இன்னும் ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அதை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஐந்து நிமிடச் சோதனை

இதைச் செய்யாமல் செட்டிங்ஸுக்குள் போய்க் கண்டதை எல்லாம் அமத்தினால், இருந்த பிரச்சினையோடு புதிதாக இரண்டு சேரும். மூன்று இடத்தில் மைக்கைச் சோதியுங்கள்.

1. ஸ்டார்ட்டில் சவுண்ட் ரெக்கோடர் என்று தேடித் திறந்து, பத்து விநாடி கதைத்துப் பதிவுசெய்து கேளுங்கள்.
2. குரோமில் கூகுள் டொக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வொய்ஸ் டைப்பிங்கைத் தெரிந்து, வரும் மைக் பெட்டியின் மேல் தமிழை வைத்துக் கதையுங்கள்.
3. நோட்பேட் திறந்து உள்ளே ஒரு தரம் கிளிக் செய்து, விண்டோஸ் கீயும் எச் கீயும் அழுத்திக் கதையுங்கள்.

ரெக்கோடரிலேயே சத்தம் இல்லையென்றால் கோளாறு மைக், டிரைவர், அனுமதி ஆகியவற்றில் இருக்கிறது. மொழியையும் இன்டர்நெட்டையும் தொட வேண்டாம். ரெக்கோடரில் தெளிவாகப் பதிந்து மற்ற இரண்டும் வேலை செய்யாவிட்டால், முதல் சந்தேகம் இன்டர்நெட்டின் மேல். கூகுள் டொக்ஸ் எழுதுகிறது, விண்டோஸ் மட்டும் எழுதவில்லை என்றால் விண்டோஸின் மொழி அல்லது அதன் உள்ளீட்டுச் செயலி. விண்டோஸ் எழுதுகிறது, டொக்ஸ் எழுதவில்லை என்றால் குரோமின் அனுமதி.

மூன்றாவது சோதனையில் நோட்பேடுக்குள் கிளிக் செய்யச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கர்சர் எழுதுமிடத்தில் துடிக்காவிட்டால் வொய்ஸ் டைப்பிங் எழுதாது. கோளாறே இல்லாத லெப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோக வைப்பது இந்தத் துடிக்காத கர்சர்தான்.

ரெக்கோடரிலும் சத்தம் இல்லை என்றால்

விசைப்பலகையின் மேல்வரிசையில் மைக்கைக் குறுக்குக் கோட்டால் வெட்டிய படம் போட்ட கீ இருக்கிறதா என்று பாருங்கள். மொடலுக்கு மொடல் இடம் மாறும். சிலதில் அந்தக் கீயிலேயே சின்ன விளக்கு எரியும். எரிந்தால் மைக் மூடியிருக்கிறது. ஒரு தரம் அழுத்துங்கள், வேலை செய்யாவிட்டால் எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்துங்கள்.

அடுத்து அனுமதி. செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, மைக்ரோபோன் என்று போங்கள். அங்கே மூன்று சுவிட்ச்கள்: ‘மைக்ரோபோன் அக்சஸ்’ முழு லெப்டொப்புக்கும் உரியது, ‘லெட் அப்ஸ் அக்சஸ் யுவர் மைக்ரோபோன்’ ஸ்டோர் அப்களுக்கு, பட்டியலின் கீழே இருக்கும் ‘லெட் டெஸ்க்டொப் அப்ஸ்’ என்பது குரோம், வேர்ட் போன்றவைக்கு. மேல் இரண்டையும் போட்டுவிட்டு மூன்றாவதைக் கவனிக்காமல் விடுபவர்களே அதிகம், ஏனென்றால் அது கீழே உருட்டினால்தான் தெரியும். முதல் சுவிட்ச் மங்கலாக இருந்து அசையாவிட்டால் அது நிர்வாகி கணக்கால் பூட்டப்பட்டிருக்கிறது. பாடசாலை, அலுவலக லெப்டொப்களில் இப்படி இருக்கும். அங்கே அதைப் பார்ப்பவரிடம்தான் சொல்ல வேண்டும்.

பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட். இன்புட் என்ற பகுதியில் எந்த மைக் தெரிவாகியிருக்கிறது என்று வாசியுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு இங்கே அலமாரியில் கிடக்கும் புளூடூத் ஹெட்செட்டின் பெயரோ, செருகாத வெப்கேமின் பெயரோ நிற்கலாம். லெப்டொப்பின் சொந்த மைக் ‘மைக்ரோபோன் அரே’ என்று இருக்கும். அதைத் தெரிந்து, பக்கத்து அம்புக்குறியால் உள்ளே போய் ‘ஸ்டார்ட் டெஸ்ட்’ கொடுத்து, வழக்கமாகக் கதைக்கும் குரலில் பத்து விநாடி கதைத்து நிறுத்துங்கள். மொத்த ஒலியில் எத்தனை வீதம் கேட்டது என்று சொல்லும். 50க்கு மேல் வந்தால் நல்லது. அதற்குக் கீழே என்றால் இன்புட் வொல்யூமைக் கூட்டுங்கள். அங்கேயே ‘ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை ஒரு தரம் ஓஃப் செய்தும் பாருங்கள். புது டிரைவரின் இரைச்சல் நீக்கும் வசதி சில வேளை ஃபேன் சத்தத்தோடு சேர்த்து நம் குரலையும் நீக்கிவிடும்.

கடலும் வாவியும் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, திருக்கோவில் என்று கரையோரம் முழுவதும் உப்புக்காத்து ஹெட்போன் ஓட்டையின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளில் படியும். அந்தத் தகடு ஒட்டிக்கொண்டால், ஒன்றும் செருகாதபோதும் ஹெட்செட் செருகியிருப்பதாக லெப்டொப் நினைக்கும். அப்போது சில மொடல்களில் உள்மைக் ஒதுங்கிவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: ஹெட்போன் எதுவும் செருகாமலே அவுட்புட்டில் ஹெட்போன் என்று காட்டும், ஸ்பீக்கரிலும் சத்தம் வராது. லெப்டொப்பை ஓஃப் செய்து, ஒரு ஹெட்போன் பின்னைப் பத்துப் பதினைந்து தரம் செருகி எடுங்கள். போகாவிட்டால் ஐசோபுரோபைல் அல்கஹோலைப் பின்னில் மட்டும் மெல்லத் தடவிச் செருகி எடுத்து, அரை மணி நேரம் காய விட்டு ஓன் செய்யுங்கள். ஓட்டைக்குள் நேரே ஊற்றவே கூடாது. அப்டேட் வந்த அதே கிழமையில் இது நடந்தால் பழி அப்டேட்டின் மேல் விழும், டிரைவரை நாலு தரம் மாற்றியும் சரிவராது.

இன்னொரு அடையாளத்தையும் சொல்லி வைக்கிறோம். பல லெப்டொப்களில் மைக் வெப்கேமோடு சேர்ந்து திரையின் மேல் விளிம்பில் இருக்கும், வயர் கீல் வழியாகக் கீழே வரும். மைக்கும் கேமராவும் ஒரே நாளில் போயிருந்தால், அல்லது திரையை முன்பின் அசைக்கும்போது விட்டு விட்டு வேலை செய்தால், அது வயர்.

இவ்வளவும் சரியாக இருந்தால் டிரைவர். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மனேஜரைத் திறவுங்கள். ‘சவுண்ட், வீடியோ அன்ட் கேம் கொன்ட்ரோலர்ஸ்’ என்பதன் கீழ் ரியல்டெக் ஓடியோ இருக்கும். பல இன்டெல் லெப்டொப்களில் அதோடு ‘இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னொலொஜி’ என்பதும் இருக்கும். இந்த இரண்டாவதைப் பலர் கண்டுகொள்வதில்லை. இந்த வகை லெப்டொப்களில் உள்மைக் ரியல்டெக் வழியாக வராமல் இன்டெல்லின் இந்தச் செயலி வழியாக வருகிறது. அதனால் ஸ்பீக்கர் நன்றாகப் பாடும், மைக் மட்டும் செத்துக் கிடக்கும். மஞ்சள் முக்கோணம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் வேலையைத் தொடங்குங்கள்.

வரிசை இது. குறித்த டிவைஸில் ரைட் கிளிக், புரொப்பர்டீஸ், டிரைவர் டப். ‘ரோல் பெக் டிரைவர்’ என்ற பட்டன் உயிரோடு இருந்தால் அதை அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்டேட் புது டிரைவர் போட்டதுதான் காரணமென்றால் இதோடு முடிந்துவிடும். பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை. அப்போது ‘அன்இன்ஸ்டோல் டிவைஸ்’ கொடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் சிறு பெட்டியை முதல் தடவை டிக் செய்யாமல் விட்டு ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் தானே திரும்பப் போடும்.

அதற்கும் மசியாவிட்டால் லெப்டொப் கம்பனியின் தளத்தில் உங்கள் மொடல் இலக்கத்தைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். மொடல் இலக்கம் லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும். முதலில் சிப்செட், பிறகு இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட், கடைசியில் ரியல்டெக். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட். சவுண்ட் டிரைவர் கோப்பு பெரிதாக இருக்கலாம், இரவு டேட்டா உள்ளவர்கள் இரவில் இறக்குவது இலாபம். ‘உங்கள் எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் வரும் இலவச மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். பொருந்தாத டிரைவரைப் போட்டுவிட்டுப் பழியை மறுபடி விண்டோஸின் மேல் போடும்.

அவசரமென்றால் குறுக்கு வழி உண்டு. யூஎஸ்பி மைக் அல்லது யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றைச் செருகுங்கள். அது ரியல்டெக்கையும் இன்டெல்லையும் தொடாமல் விண்டோஸின் பொது டிரைவரில் ஓடும். அதில் குரல் வந்தால், பழுது உள்மைக்கின் பாதையில் என்பது உறுதி. அதோடு அன்றைய வேலையும் முடியும். புளூடூத் ஹெட்செட்டை இதற்கு நம்பாதீர்கள். மைக்கைப் பாவிக்கத் தொடங்கியதும் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கும். அந்த மங்கிய ஒலியில் ளகர, ழகர வித்தியாசம் முதலில் தொலையும்.

பதிவு நன்றாக இருக்கிறது, ஆனால் எழுத்து வரவில்லை

விண்டோஸ் 11இன் வொய்ஸ் டைப்பிங்கும் கூகுள் டொக்ஸின் குரல் தட்டச்சும் லெப்டொப்புக்குள் நடப்பவை அல்ல. குரல் இன்டர்நெட் வழியாக அவர்களின் சேவர்களுக்குப் போய் எழுத்தாகத் திரும்பும். இன்டர்நெட் இல்லையென்றால் இரண்டும் இல்லை.

போனில் ஹொட்ஸ்பொட் போட்டு வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: சமூக வலைத்தளங்களுக்கு மட்டுமான டேட்டா பக்கேஜில் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஓடும், குரல் தட்டச்சு ஓடாது. எனிடைம் டேட்டா முடிந்து போயிருக்கும், ஆனால் வட்ஸ்அப் செய்தி வந்துகொண்டிருப்பதால் ‘நெட் இருக்குத்தானே’ என்று நினைப்போம். பெரிய அப்டேட் ஒன்று இறங்கிய மறுநாள் இப்படி ஆவதற்கு விளக்கமே தேவையில்லை: டேட்டாவைக் குடித்ததே அந்த அப்டேட்தான். இனி அப்படி நடக்காமல் இருக்க, வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹொட்ஸ்பொட்டுக்கு ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதை ஓன் செய்து வையுங்கள்.

திகதியும் நேரமும் பிழையாக இருந்தாலும் சேவர்கள் இணைப்பை ஏற்காது. பழைய லெப்டொப்களில் போர்டின் சின்ன பேட்டரி இறங்கிப்போனால், கரண்ட் போய் வந்த பிறகு ஆண்டே மாறி நிற்கும். செட்டிங்ஸ், டைம் அன்ட் லாங்குவேஜ், டேட் அன்ட் டைம் என்று போய் ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள். நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர, 5.30 கூட்டல் என்று இருக்க வேண்டும். விபிஎன் போட்டிருந்தால் அணைத்துப் பாருங்கள்.

விண்டோஸில் இன்னொரு சுவிட்ச்: பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, ஸ்பீச், ‘ஒன்லைன் ஸ்பீச் ரெகக்னிஷன்’. இதை ஓனில் வையுங்கள். குரோமில் என்றால், கூகுள் டொக்ஸ் பக்கத்தின் முகவரிப் பட்டியின் இடது ஓரக் குறியைக் கிளிக் செய்து மைக்ரோபோனுக்கு ‘அலவ்’ கொடுத்து, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எச் கீக்கு அந்தப் பெட்டியே வராவிட்டால், கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, ‘விண்டோஸ் இன்புட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதைத் தேடி ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். பயப்பட வேண்டாம், அடுத்த தரம் அழைக்கும்போது தானே எழும்பி வரும்.

தமிழ் என்றால் எந்தத் தமிழ்

விண்டோஸின் வொய்ஸ் டைப்பிங் தனக்கென்று மொழி வைத்துக்கொள்வதில்லை. அந்த நேரம் விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறதோ அதைத்தான் எடுக்கும். டாஸ்க்பாரின் வலது மூலையில் ஆங்கிலம் என்று நின்றால், நீங்கள் தமிழில் கதைத்ததை ஆங்கில ஓசையாகக் கேட்டு வாய்க்கு வந்ததை எழுதும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தித் தமிழுக்கு மாறுங்கள்.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மைக்ரோசொஃப்ட்டின் குரல் தட்டச்சுப் பட்டியலில் இருப்பது தமிழ் (இந்தியா). மொழிப் பட்டியலில் தமிழ் (இலங்கை) மட்டும் இருந்தால் இந்த மொழிக்கு வசதி இல்லை என்று சொல்லலாம். டைம் அன்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அன்ட் ரீஜன், ‘அட் எ லாங்குவேஜ்’ போய் தமிழ் (இந்தியா) என்பதையும் சேருங்கள். நாட்டை இலங்கையிலேயே விடலாம். ரெங்கநாதன் விசைப்பலகையில் கை பழகியவர்கள் அதைக் கைவிட வேண்டாம்: தட்டுவதற்கு அது, கதைப்பதற்கு இது, நடுவில் ஸ்பேஸ் கீ. கூகுள் டொக்ஸில் தமிழ் (இலங்கை) தனியாகவே இருக்கிறது. நம் உச்சரிப்புக்கு அதை முதலில் முயன்று பார்ப்பதுதான் எங்கள் விருப்பம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அதன் எச் கீ தமிழை எழுதாது. மைக்ரோசொஃப்ட்டும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. கூகுள் டொக்ஸ் அதிலும் வேலை செய்யும். மெக்புக்காரர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டிக்குள் குரோமுக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதுகிறது, ஆனால் கண்டபடி எழுதுகிறது

அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் செய்த பழைய வேர்ட் கோப்பொன்றைத் திறந்து அதன் மேல் கதைத்தால்தான் இந்த வேடிக்கை. பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டது அது. விசைப்பலகை ஆங்கிலத்தில் நிற்கும்போது நீங்கள் ‘லெட்டர்’ என்று சொன்னால், லெப்டொப் சரியான ஆங்கிலச் சொல்லைத்தான் எழுதும். ஆனால் எழுத்துரு பாமினி என்பதால் திரையில் ‘டநவவநச’ என்று விழும். மைக்கில் பிழை இல்லை, காதில் பிழை இல்லை, சட்டைதான் பிழை. அந்த வரியைத் தெரிந்து எழுத்துருவை நிர்மலா யூஐ அல்லது லதாவுக்கு மாற்றினால் உண்மை தெரியும்.

தமிழில் கதைத்தால் யுனிகோட் வரும். அதை வேர்ட் வேறு எழுத்துருவில் காட்டும். பழைய பாமினிப் பந்திக்கும் புதுப் பந்திக்கும் தோற்றம் ஒட்டாது. புதுக் கோப்பில் கதைத்து முடித்து, அச்சகம் பாமினிதான் கேட்கிறதென்றால் கடைசியில் முழுவதையும் யுனிகோட்டிலிருந்து பாமினிக்கு மாற்றிக் கொடுங்கள். ஒரே கோப்பில் இரண்டையும் கலக்காதீர்கள், தேடுதலும் எழுத்துப்பிழைத் திருத்தமும் குழம்பும்.

எழுத்துரு சரி, சொல்தான் பிழை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று அறை. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே, ஓடு போட்ட வீட்டில் எதிரொலியோடு கதைத்தால் எந்த இயந்திரமும் தடுமாறும். மைக்கிலிருந்து ஒன்று, ஒன்றரைச் சாண் தூரத்தில், ஃபேனைக் குறைத்து, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லுங்கள். சொல் சொல்லாக நிறுத்தினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் அது முன்பின் சொற்களை வைத்துத்தான் ஊகிக்கிறது. மற்றது நம் பேச்சு. ‘மறுகா வாறன்’ என்றால் அதற்கு மறுகாவைத் தெரியாமல் போகலாம், ‘பிறகு வருகிறேன்’ என்றால் எழுதிவிடும். கொக்கட்டிச்சோலை, சம்மாந்துறை போன்ற ஊர்ப்பெயர்கள் துண்டு துண்டாக விழுந்தால் ஒவ்வொரு தரமும் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கூகுள் டொக்ஸில் டூல்ஸ், பிரிஃபரன்ஸஸ், சப்ஸ்டிடியூஷன்ஸ் என்ற இடத்தில் ஊசி, காசி போன்ற இரண்டெழுத்துக் குறியொன்றைப் போட்டு, அதற்கு நேரே முழு ஊர்ப்பெயரையும் எழுதி வையுங்கள். குரல் அந்தப் பெயரைக் கெடுத்த இடத்தில் குறியைத் தட்டி ஸ்பேஸ் அழுத்தினால் சரியான பெயர் வந்து நிற்கும். குறி, கடிதத்தில் வேறெங்கும் வராத சொல்லாக இருக்கட்டும்.

அப்டேட்டையே கழற்றுவது

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை, அப்டேட்டுக்கு முதல் நாள் வேலை செய்தது உறுதி என்றால் மட்டும் இது. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி என்று போய் அந்தத் திகதியில் ஏறியது என்ன என்று முதலில் வாசியுங்கள். மாதாந்த அப்டேட் என்றால் அதே பக்கத்தின் கீழே ‘அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்’ இருக்கிறது. 24எச்2 போன்ற பெயரோடு வந்த பெரிய பதிப்பு மாற்றமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ‘கோ பெக்’. பின்னதற்கு வழக்கமாக 10 நாள்தான் தவணை. இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்திருந்தால் அந்தத் தவணையும் இல்லை. கோப்புகள் போகாது என்றாலும், கழற்றுவதற்கு முன் முக்கியமானவற்றை பென் ட்ரைவில் எடுத்து வையுங்கள். முடிந்ததும் ‘போஸ் அப்டேட்ஸ்’ என்பதை ஒரு கிழமைக்குப் போடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுவிடும்.

நடுவில் வேலை நிற்கக்கூடாது என்றால் போனை எடுங்கள். கூகுளின் விசைப்பலகை அப்பான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, போனின் கூகுள் டொக்ஸில் கோப்பைத் திறந்து அதன் மைக்கை அழுத்திக் கதைத்தால், அதே கணக்கில் திறந்திருக்கும் லெப்டொப் திரையில் எழுத்து வந்துகொண்டே இருக்கும். திருத்துவதை லெப்டொப்பில் செய்யலாம்.

கடைக்குத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால், ‘மைக் வேலை செய்யுதில்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ரெக்கோடரில் பதிகிறதா, யூஎஸ்பி மைக்கில் வருகிறதா, எந்தத் திகதி அப்டேட் ஏறியது, கேமரா வேலை செய்கிறதா என்று நாலு வரி ஒரு துண்டில் எழுதி லெப்டொப்போடு கொடுங்கள். ஐந்தாவது வரியாக ‘கேட்காமல் போர்மட் அடிக்க வேண்டாம்’ என்றும் எழுதிவிடுங்கள்.